பெயர் வெட்டிய டப்பா

அமரில்லோவில் நாற்பதாம் எண் நெடுஞ்சாலையோரம்
இருபத்திரண்டு அறை மோட்டல்.
பதினொன்றாம் அறையை மட்டும் வாடகைக்கு விடமாட்டார்.
கேட்டால், "குழாய் ஒழுகுது" என்பார் ஜசுமதிபென்.
வேலை கிடைக்கும்வரை ஐந்து வாரம் அதில்தான் கிடந்தேன்.
ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"சாப்பிட்டாயா" என்று அவர் கேட்டதே கிடையாது.
"எத்தனை ரொட்லி?" அவ்வளவுதான்.
இரண்டு என்றால் நான்கு வரும்.
நான்கு என்றால் முறைப்பார், ஆறு வரும்.
வாசலில் மணி அடித்தால் அப்படியே ஓடி
லாரிக்காரனுக்கு
மாவு ஒட்டிய சாவியைக் கொடுப்பார்.

போன செவ்வாய் போய்விட்டார்.
டல்லஸிலிருந்து, டென்வரிலிருந்து வந்து நின்றோம்.
எல்லார் கையிலும்
திருப்பித் தராமலே விட்ட ஓர் எவர்சில்வர் டப்பா.
வெறும் டப்பாவாகக் கொடுக்கக்கூடாதே என்று
முந்திரி, கற்கண்டு, பேரீச்சை;
குல்வந்த் மட்டும் வழியில் வாங்கிய டோனட்.

என் மூடியில் வெட்டியிருந்த குஜராத்தி எழுத்தை
அவர் பெயரென்றே நினைத்து
பதினான்கு வருடம் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.
மகன் நிமேஷ் வாசித்தான்: "ஹீராலக்ஷ்மி."
யார் அது?
தெரியாதாம்.
அடுத்ததில் "விமளா." இன்னொன்றில் குர்முகியில் ஏதோ.
ஒன்றில் யாருடைய கல்யாணத் தேதியோ, 1971.
ஒன்றில்கூட ஜசுமதி இல்லை.

"அம்மாவுக்கு என்ன பிடிக்கும்? படைக்கணும்"
என்றான் நிமேஷ்.
இருபது பேர் இருந்தோம்.
அவரவர் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது யாரோ என் கையில் ஒன்றைத் திணித்தார்கள்.
பெயர் பார்க்கவில்லை.
அடி சுட்டது.