ஒருநாள் விட்டு ஒருநாள்

கம்மனஹள்ளி ஆதார் மையத்தில்
யூனிஸ் அருள்தாஸின் இடக்கை விரல்கள்
நான்கும் பதியவில்லை.
துடைத்துவிட்டு வையுங்க மேடம் என்றான் பையன்.
துடைத்தாள்.
மறுநாள் தேங்காயெண்ணெய் தடவிப் போனாள்.
என்ன வேலை பார்க்கிறீங்க,
பாத்திரம் தேய்க்கிறதா, செங்கல் சூளையா?
கிடார் என்றாள்.
அவன் 'இதர' என்ற கட்டத்தைத் தட்டினான்.

முப்பத்தொரு வருஷத்தை
இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

நான் சொன்னால் நீளும்.
மர்ஃபி டவுன் ஆலயத்தில்
பாமாலைக்கு நடுவே ஒரு சுரத்தை வளைத்துவிட்டுப்
போதகரின் முகத்தைப் பார்த்தவள்.
சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தரமும் இல்லை,
இரண்டு சுவர்களுக்கு நடுவே
ஒருக்களித்தால் மட்டும் ஓர் ஆள் நுழையும் சந்து.
அதற்குப் பிறகு அங்கேதான் குடியிருப்பு,
வாடகை பாக்கியோடு.

ரெசிடென்சி ரோட்டு ஓட்டல்களில்
சிகரெட் புகைக்கும் பில் வரும் நேரத்துக்கும் இடையே
ப்ளூஸ் வாசித்தாள்.
துபாயில் எட்டு மாதம், பாஸ்போர்ட் முதலாளியிடம்.
பிறகு அந்த ஊறுகாய் விளம்பரம்.
பன்னிரண்டு விநாடி,
கட்டைவிரல் தந்தியை அறைந்து அறைந்து விலகும்.
பதினோரு வருஷம் நாடே அதைக் கேட்டு
வாயூறிக்கொண்டிருந்தது.
அவளுக்கு நாலாயிரம் ரூபாய்,
இரண்டு கிலோ ஆவக்காய்.
ஆவக்காயில் பாதி எனக்கு வந்தது.

நான் பேஸ்.
பேஸ் வாசிப்பவனை யாரும் பார்க்கமாட்டார்கள்,
நிறுத்தினால்தான் திரும்புவார்கள்.
நிறுத்தினேன்.
மகளுக்கு நர்சிங் சீட்.
பெட்டி, வார், ஒயர் எல்லாம் சேர்த்து விற்றேன்.
யூனிஸிடம் முதுகுவலி என்றேன்.

பதிவு நடந்தது ஹெண்ணூரில், ஃபயாஸ் வீட்டு மாடியில்,
சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி.
பக்கத்து மனையில் போர்வெல் இறக்கினார்களாம்.
ஆயிரத்து இருநூறு அடி.
மேலே வந்தது புழுதி.
நாலாவது பாட்டில் அந்த இரைச்சலை
அழிக்கப் பார்த்து அழிக்க முடியாமல்
அது என்ன சுருதி என்று காது கொடுத்து
அதற்கே தந்திகளை முறுக்கியிருக்கிறாள்.

ஆல்பத்துக்குப் பெயர்: ஒருநாள் விட்டு ஒருநாள்.
எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் வரும் கணக்கு.
ஃபங்க்குக்கும் அதே கணக்குதான் என்பாள்.
ஒண்ணுல எல்லாரும் சேர்ந்து விழணும்,
மிச்சத்தை வராத நாளுக்கு விட்டுடணும்.

நாகவாரா சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது
மகளின் போனில் கேட்டேன்.
எட்டாவது பாட்டில்
டிரம்ஸ் இருக்கிறது, கிடார் இருக்கிறது,
கீழ்த்தளத்தில் யாருமில்லை.
எல்லோரும் விழவேண்டிய இடத்தில்
ஒரு பள்ளம்.
ஒவ்வொரு சுற்றும் அதன் விளிம்புவரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டுகிறாள்.
யாரையாவது வைத்து நிரப்பியிருக்கலாம்.
ஊரில் பேஸ் வாசிக்க ஆளில்லையா?

உறையின் பின்பக்கத்துப் படத்தை
விரலால் பெரிதாக்கினேன்.
கிடார், குரல்: யூனிஸ் அருள்தாஸ்.
டிரம்ஸ்: ஃபயாஸ் அகமது.
பேஸ்: தனபால், வரவில்லை.

என் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில்
என்ன செய்துகொண்டிருந்தன என்பது
கண்டக்டர் சிரித்தபோதுதான் தெரிந்தது.

இரவு கூப்பிட்டேன்.
முதுகு எப்படி இருக்கு என்றாள்.
பரவாயில்லை என்றேன்.
எனக்குக் கண்ணு பதிஞ்சிடுச்சுப்பா,
விரல் இல்லாட்டி கண்ணு போதுமாம் என்றாள்.
பிறகு, இரு, தண்ணி வந்திடுச்சு
என்று போனை வைக்காமலே ஓடினாள்.

குழாய் இருமியது, காற்று விட்டது, பிடித்துக்கொண்டது.
குடங்கள் மாறும் சத்தத்தை
எண்ணிக்கொண்டு லைனிலேயே நின்றேன்.
ஏழாவதில் கணக்குத் தவறிவிட்டது.