நுழைவுக் கட்டணம்

மார்ச்சில் சலவை மெஷின் நின்றது.
ஏப்ரலில் நுழைவுக் கட்டணம்.
இப்போது கையால் தோய்க்கிறேன்.

கேட்வெல் பார்க். மழை விட்டு விட்டு.
வாடகை வானுக்குள் மூவரும் படுத்தெழும்பி,
ஸ்பானர்களுக்கு நடுவே
இடியப்பப் பெட்டியைத் தேடினோம்.
முன்வரிசைக்காரன் இரண்டே பந்தயத்தில்
கழித்துப் போட்ட டயர், இருபது பவுண்ட்ஸ்.
சுகிர்தன் நகத்தால் கீறிப் பார்த்து
"இன்னும் உயிர் கிடக்கு" என்கிறான்.

நாலாவது சுற்று.
எங்கட முப்பத்தேழு வரவில்லை.
மஞ்சள் கொடி.

வேலிக்கு மேலால் எட்டி
நான் முதலில் தேடியது வண்டியை.
டாங்கி நெளியவில்லை என்று கண்டபிறகுதான்
நிரோஜினி எழும்பி நிற்பதைக் கண்டேன்.

அவளும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளட்ச் பிடி முறிந்து போச்சு.
பக்கத்துக் கூடாரத்து நைஜல்,
இருபத்திரண்டாம் இடத்துக்கு எங்களோடு அடிபடுகிறவன்,
தன்னுடைய மேலதிகப் பிடியைக் கழற்றித் தந்தான்:
"முறிச்சால் புதுசு."

பின்னேரம் அந்தப் பிடியோடேயே
அவனை முந்திவிட்டாள்.
சுகிர்தன் துள்ளினான். நைஜலின் மனைவி
என்னைப் பார்த்துத் தலையிலடித்துச் சிரித்தாள்.
நானோ
அவளுடைய இடது கையுறை கிழிந்த இடத்துக்கு
எந்த நூல் தாங்கும் என்று
யோசித்துக்கொண்டு நின்றேன்.