மாதிரி

கண்ணீர் அஞ்சலி நாற்பத்தொன்பது ரூபாய்.
பூப்புனித நீராட்டு அறுபது.
காதணியும் கோயில் கொடையும் சேர்த்து வாங்கினால்
ஐந்து ரூபாய் குறைப்பேன்.
எடையில்லாத சரக்கு.
விற்றாலும் என்னிடமே இருக்கும்,
திருடினாலும் என்னிடமே இருக்கும்.
திருட்டுப் போவது தெரியவே
ஒரு வருஷம் ஆனது.

நாங்குநேரி பிளெக்ஸ்காரன்
'கோப்பு திறக்கலை, காசைத் திருப்பிப் போடுங்க' என்றான்.
போட்டேன்.
மறுவாரம் வள்ளியூர் பஸ்ஸில் ஜன்னலோரம்.
என் மயில், என் குத்துவிளக்கு,
நான் பிழையாய் அடித்த 'அணைவரும் வருக' உட்பட
ரோட்டோரம் ஆளுயரத்துக்கு நின்றது.
முக்கூடல் பீடிக்கடையில்
கழித்த கட்டுக்குக் கூலி கிடையாது,
கட்டும் திரும்பி வராது.
'கழிச்சிட்டு வச்சுக்கிட்டானாக்கும்' என்றாள் அம்மா,
இலை வெட்டுவதை நிறுத்தாமல்.

பிறகுதான் புத்தி.
பச்சை டிக் போட்ட படம் பணமில்லை
(ஒருவன் அனுப்பிய ரசீதில் பிப்ரவரி முப்பது).
கணக்கைத் திறந்து நானே பார்க்கிற எண்தான் பணம்.
'கூடுதலா போட்டுட்டேன், மீதியை விடுங்க' என்பவனுக்குப் பதில் கிடையாது.
வாங்க வந்தவனுக்கு எதற்கு என் ஓடிபி?
முதலில் மாதிரிதான் போகும்,
நெற்றியிலிருந்து மார்பு வரை குறுக்கே
சாம்பல் எழுத்து ஓடும்.
பணம் விழுந்தால் அழிப்பேன்.

ஆனியில் ஒரு ராத்திரி பதினொன்றே முக்கால்.
நல்லபெருமாள், பாப்பாக்குடி.
'யக்கா, அப்பா தவறிட்டாவ. காலையில எடுக்கணும்.
அஞ்சலி ஒண்ணு.'
படத்தைப் பொருத்தி மாதிரி அனுப்பினேன்.
உடனே ரசீது. பச்சை டிக்.
கணக்கில் விழவில்லை.
'போட்டுட்டேனேக்கா.'
'வரலியே தம்பி.'
ஒரு மணிக்கு ஒலிச்செய்தி அனுப்பினான்.
அவன் குரலுக்குப் பின்னால் பெண்கள் அழுதார்கள்.
அழுகையும்தான் டவுன்லோடு ஆகும் என்று நினைத்தேன்.
நினைத்தேன்தான், மறைப்பானேன்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் பாப்பாக்குடி விலக்கில்
மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது.
வண்டிமலை, வயது அறுபத்தேழு.
வெள்ளைச் சட்டை, கூச்சப்பட்ட மீசை.
நெற்றியிலிருந்து மார்பு வரை
மாதிரி
மாதிரி
மாதிரி.
டீ குடித்துக்கொண்டிருந்தவர் வாசித்துவிட்டு
'சரியாத்தான் போட்டிருக்கு. மாதிரி மனுசன்லா' என்றார்.

மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது நாற்பத்தொன்பது ரூபாய்,
அந்த ராத்திரியின் தேதியோடு.
சுத்தமான கோப்பை அனுப்பினேன்,
பணத்தையும் திருப்பி விட்டேன்.
பணத்தை மறுபடி எனக்கே போட்டான்.
'பதினாறுக்கு வச்சுக்கிடுதேன்'
என்று ஒரு வரி.

இன்றைக்கும் பணம் விழாமல் கோப்பு போகாது.
கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும்
எழுத்து குறுக்கேதான் ஓடும்.
அஞ்சலிக்கு மட்டும் முகத்தை விட்டு
மாலைக்கு அடியில் இறக்கிவிட்டேன்.
வெட்டத் தெரிந்தவன் வெட்டிக்கொள்வான்.
இதுவரை இரண்டு பேர்.
எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.