மூன்று குறுக்கல்

குன்னூர் ஷெட்டில் எனக்குக் கொடுத்தது
ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி,
ஆண் அளவில் தைத்த காக்கிச் சட்டை,
பிரேக் சக்கரத்தின் எண்ணெய் துடைக்கக்
கால் கிலோ பனியன் கழிவு.

கோவையில், விமானப் பணிப்பெண் வகுப்பில் கொடுத்தது
உதட்டுச்சாயத்தின் எண் எழுதிய சீட்டு.
எட்டுப் பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது.
தொண்ணூறு விநாடியில் விமானம் காலியாக வேண்டும்:
மெத்தை போட்ட மொட்டைமாடியில்
செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்துக் காட்டினோம்.
ரெஹானா தேறினாள்.
நான் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தேன்.

இங்கே யாரும் உயரம் கேட்கவில்லை.
கண்ணையும் காதையும் சோதித்து
மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம்
நடுத் தண்டவாளத்தைக் கவ்வும்.
ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும்,
இறங்கும்போது கீழே நின்று தாங்கும்.
ஏற்றத்தில், ஓட்டுகிற ஆல்துரைக்குத் தெரிவது
பெட்டியின் முதுகு மட்டும்.
வளைவுக்கு அந்தப் பக்கம் பாறையா பசுவா என்பது
முதல் பெட்டி முகப்பில் நிற்கும்
என் கையில் இருக்கிறது.

ரெஹானா போனில் சிரித்தாள்:
"கேப்டனை வாலில் உட்காரவைத்து
மூக்கில் ஒருத்தியை நிறுத்தியா பறப்பீர்கள்?"
பறக்கவில்லையே, என்றேன்.
நேற்று ஒரு குரங்கு எங்களை முந்திக்கொண்டு போனது,
வயிற்றில் குட்டியோடு.

பயிற்சியின் பதினெட்டாம் நாள்.
ஹில்குரோவுக்குக் கீழே, இறக்கம், மூடுபனி.
மூன்று குறுக்கல் கேட்டது.
பிரேக் போடு என்று பொருள். போட்டேன்.
மற்ற பெட்டிகள் இறங்க
என் பெட்டி மட்டும் மாட்டேன் என்றது.
ஓர் அம்மாள் மடியிலிருந்த வர்க்கியெல்லாம்
எதிர் இருக்கைக்காரர் மடிக்குப் போனது.

எஞ்சின் ஊதவே இல்லையாம்.

பள்ளத்தில் சீகாரப் பூங்குருவி
மறுபடி ஊதியது, இப்போது
வேலையற்ற பையன்போல, நீளமாக.

மறுநாள் மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் தருக.

"எங்களிடம்," என்றாள் ரெஹானா,
"நாமே எழுதிக் கொடுத்தால் தண்டனை கிடையாது.
பெயரை அழித்துவிட்டு
அடுத்த வகுப்பில் அதையே பாடம் எடுப்பார்கள்."
கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:
"எடை கூடினால்தான் தண்டனை.
இந்த மாதம் எண்ணூறு கிராம்."

விளக்கத்தை நான்கு முறை எழுதினேன்.
நான்கிலும் பறவை வந்து உட்கார்ந்தது.
டீ ஆற்றிக்கொண்டே படித்த ஆல்துரை
குருவியை அடிக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.
"அதே வளைவுதானா?" என்றார்.
பிறகு, தம்ளரைப் பார்த்து:
"எனக்கும் அங்கே ஒரு தரம் கேட்டது.
நான் எழுதவில்லை."

மெமோவுக்குப் பறவையோடுதான் பதில் போயிருக்கிறது.
என்ன ஆகும் தெரியாது.

அன்று மாலை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி
ஓய்வறைச் சன்னல் கம்பியில் கட்டினேன்.
முதல் பக்கத்தில் எழுதினேன்:
பெயர் வேண்டாம். இடம், நேரம், சத்தம் போதும்.
ஒரு வாரம் வெறும் பனிதான் அதில் ஊறியது.

இன்று காலை ஏழு வரிகள்.
ஒன்றில்,
'ரன்னிமேடு. மழை. ஊதல் என்று நினைத்தது
என் வயிறு.'

யார் கையெழுத்து என்று
பார்க்காமல் மூடினேன்.