புல எண் 412/3பி

பகலெல்லாம் அடுத்தவர் நிலத்தில்
கல் தேடுவது என் வேலை.
மூலைக்கரைப்பட்டிப் பக்கம், மானூர்ப் பக்கம்,
உடைமுள் தூருக்குள் கைவிட்டுத் துழாவுவேன்.
அரை அடிக்கு அண்ணனும் தம்பியும் அரிவாள் எடுப்பதை
நாடாவை இழுத்துப் பிடித்தபடியே பார்த்திருக்கிறேன்.

கே.டி.சி. நகரில் நாலு சென்ட் வீடு.
வாங்கும்போது முற்றம் முழுக்க
சிமென்ட் கல் பாவியிருந்தது.
சித்திரையில் வெறுங்கால் வைத்தால் பொத்துவிடும்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
கடப்பாரையால் ஒரு கல்லைப் பெயர்த்தேன்.
மறு ஞாயிறு ஏழு.
அடியில் மண்
சாக்குக்குள் கட்டிப்போட்ட பூனைபோல் சுருண்டு கிடந்தது.

நர்சரிக்குப் போகவில்லை.
கங்கைகொண்டான் குளத்துக்கரையிலிருந்து
ஈரக் கைக்குட்டையில் பொடுதலை.
சீவலப்பேரி ஆற்றோரத்து வல்லாரை
புலப்படம் வைக்கும் குழாய்க்குள்.
முன்னீர்பள்ளத்தில் என் சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு
நாயுருவி தானே ஏறி வந்தது.
மூக்கிரட்டைக்கு யார் வழி சொன்னார்களோ.

பொடுதலை கணுவுக்குக் கணு வேர் ஊன்றிப் போகும்.
எங்கள் ஆபீஸ் பழைய சங்கிலியும்
கணுக்கணுவாய்த்தான் போகும்.
ஒரு கணுவாவது எங்கும் வேர்விட்டு நான் கண்டதில்லை.

ஐப்பசி மழைக்கு
தும்பை இடுப்பளவு எழுந்தது.
வேலிப்பருத்தி மீட்டர் பெட்டியை மூடியது.
பாம்பு வரும் என்றார்கள்.
செம்போத்து வந்தது.
பாம்பைப் பற்றி அதனிடம்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து வீடு ஞானதிரவியம் சார்,
கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.
கொரியன் புல்.
சனிக்கிழமை தவறாமல் கத்தரி.
ஆனி மாதம் ஒரு காலை கம்பிவேலியோரம் நின்று,
"ஏம்மா, ஒங்க களை எங்க பக்கம் வந்துட்டு.
நீங்க சர்வேயர்தான,
அளந்தே சொல்லிருங்களேன்" என்றார்.

நாடாவின் ஒரு நுனியை அவரே பிடித்தார்.
தெருமுனைக் கல்லிலிருந்து இழுத்தோம்.
வேலிக்கு அந்தப் பக்கம்,
கொரியன் புல்லுக்குள் ஒன்றேகால் அடி தள்ளி,
கடப்பாரை டங்கென்றது.
அம்புக்குறி வெட்டிய கல்.
அதன் தலையைச் சுற்றி
முன்னமே வந்து உட்கார்ந்திருந்தது பொடுதலை,
வெள்ளையாய் ரெண்டு பூவோடு.

"எழுத்தில வேணுமா சார்?"
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
"மழை வரும்போல" என்றார் அவர்.
மேகாத்து புழுதியை வாரிக்கொண்டிருந்தது.
மேற்கே மலைப்பக்கம்தான் சாரல்.
நமக்குக் காற்று மட்டும்.
நாடாவைச் சுருட்டினேன்.
வேலியை யாரும் தொடவில்லை.

சனிக்கிழமை கத்தரிச் சத்தம் கேட்டது.
கல்லுக்கு வந்ததும் நின்றது.
ஒன்றேகால் அடிப் பட்டை ஒன்று
வெட்டாமல் கிடக்கிறது அவர் முற்றத்தில்.
நான் கேட்கவில்லை.

செடியும் அதோடு நிற்கவில்லை.
நேற்றுப் பார்த்தேன்,
கல்லைத் தாண்டி ஒரு புதுக் கணு.
இது நிஜமாகவே அவர் நிலம்.
அளக்கக் கூப்பிடுவாரோ என்று
ரெண்டு நாளாய் வேலியோரமாகவே
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.