ராகி மாவுக்குள் சாவி

அசல் தோட்டாக்கள் உள்ளறை பீரோவில்.
பீரோவின் சாவி
ராகி மாவு டப்பாவின் அடியில்.
என் வீட்டில் சட்டம் ஒன்றுதான்:
கையில் மாவு இருந்தால்
அன்றைக்குப் பயிற்சி இல்லை.

"சாவிக்கு வேற எடமே கெடைக்கலையா நாகு,
களியில வந்துட்டா?" என்பார் திம்மராயன்.
வரட்டும்.
பல்லில் கடிபடும் சாவி
ஆளைக் கொல்லாது.

இரவு ஒன்பதரை.
மாம்பழக்கூழ் ஆலையின் வாசனை
விரல் இடுக்கில் இன்னும் போகவில்லை.
மேகசினைக் கழற்றித் தனியே வைக்கிறேன்.
ஸ்லைடை இழுத்துப் பிடித்து
உள்ளே பார்க்கிறேன். பிறகு
சுண்டுவிரலை விட்டுத் தடவுகிறேன்.
எட்டு மணி நேரம் மீட்டர் முள்ளைப் பார்த்த கண்
பொய் சொல்லலாம்.
விரல் இன்னும் களைக்கவில்லை.
காலி.
இன்னொரு தரம்.
காலி.

அதற்கப்புறம்தான் நெய் டப்பாவிலிருந்து
டம்மி ஆறு. மிளகாய்ப்பழச் சிவப்பு.
மருந்தில்லை, ஈயமில்லை;
ஊசி வந்து குத்தினால் வாங்கிக்கொள்ள
பின்புறம் ஒரு ரப்பர் பொட்டு.
ஒவ்வொன்றையும் விளக்கில் காட்டி
"சிவப்பு" என்று வாய்விட்டுச் சொல்லித்தான்
உள்ளே தள்ளுவேன்.
பக்கத்து வீட்டு ரெஜினா
சீட்டு ஏலம் எடுப்பதாக நினைத்திருக்கிறாள்.

எதிரே
விளிம்பு உடைந்ததென்று சூளகிரி குவாரியில் ஒதுக்கிய
கருங்கல் பலகை. அதன் முன்னே நாலு மணல் மூட்டை.
"வெறும் துப்பாக்கிக்கு எதுக்கு மணலு?"
வெறும் துப்பாக்கி என்று நம்பிய கைகளுக்காக.
கல் திருப்பி அனுப்பிவிடும்.
மணல்தான் வைத்துக்கொள்ளும்.

போன ஆடியில் கிளப்பில்
நிலோஃபர் என் மேகசினில்
அசலோடு அசலாக ஒரு சிவப்பைச் செருகினாள்,
எத்தனையாவது என்று சொல்லாமல்.
ஒன்று வெடித்தது. இரண்டு வெடித்தது.
மூன்றாவதில்
சத்தமே வரவில்லை; ஆனாலும்
துப்பாக்கி மூக்கைக் கவிழ்த்துத்
தரையைப் பார்த்தது.
வராத இடிக்கு
என் மணிக்கட்டு போட்ட கும்பிடு.
நிலோஃபர் சிரிக்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து இது.
ஸ்லைடின் மேல் ஒரு ரூபாய் நாணயம்.
மூச்சு பாதி போக,
விரல் மெல்ல, இன்னும் மெல்ல,
டிக்.
நாணயம் அசையவில்லை.
டிக்.
விழுந்து உருண்டது.
டிக்.

நாலாவதுக்கு ஸ்லைடை இழுத்தபோது கரண்ட் போனது.

இருட்டில் முதலில் விரலை வெளியே எடுத்தேன்.
முனை மணலைப் பார்த்தபடியே இருக்க
உட்கார்ந்து காத்திருந்தேன்.
சேலம் ரோட்டில் லாரிகள்.
எங்கோ நாய்.
வெளிச்சம் வந்ததும் எல்லாவற்றையும் இறக்கி எண்ணினேன்.
ஐந்து.
ஆறாவது இல்லை.
"அஞ்சு போதாதா" என்றது மனசு.
ஆறு என்று தெரிந்து தொடங்கியவளுக்கு
ஐந்து எப்படிப் போதும்?
பாயை உதறினேன், செருப்பைக் கவிழ்த்தேன்,
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்
ஒட்டடையோடு கிடந்தது சிவப்பு.

மறுபடி முதலிலிருந்து.
பார். தடவு. காலி. காலி.

பத்தேகால்.
டம்மி ஆறும் டப்பாவுக்குள்.
துப்பாக்கி பெட்டிக்குள். பூட்டு.
"முடிஞ்சது" என்றேன் சுவரைப் பார்த்து.
சுவருக்கு இல்லை, எனக்கு.

ஆனால் கடைசி டிக் நன்றாக விழுந்திருந்தது.
நாணயம் கோயில் சிலைபோல் நின்றிருந்தது.
இன்னும் ஒரே ஒன்று,
அதே ருசியில் ஒன்று
என்று கை பெட்டியை நோக்கிப் போனது.
இந்த ஒன்றில்தான்
சுவர்கள் ஓட்டையாகின்றன என்பார்கள் கிளப்பில்.

எழுந்து போய் டப்பாவைத் திறந்தேன்.
சாவி தேவைப்படவில்லை.
வலது கையை முழங்கை வரை
ராகி மாவுக்குள் விட்டு
நன்றாகத் துழாவி எடுத்தேன்.

கழுவாமல் படுத்தேன்.