மூக்கு நுனி வரை

வைகாசியில் ஒருநாள்
சோல்டரிங் இரும்பு என் பின்னலின் நுனியை முகர்ந்து பார்த்தது.
கருகல் மணம் கடை முழுக்க.
திறந்த போனை அப்படியே போட்டுவிட்டு
தண்ணிப் போத்தலோடு ஓடிவந்தார் யூட் அண்ணை.
மறுநாள் ஸ்ரான்லி வீதிச் சலூனில்
காது மட்டத்துக்கு வெட்டச் சொன்னேன்.
வெட்டின பிள்ளை மூன்று தரம் கேட்டாள்:
"உண்மையாத்தானோ அக்கா?"

அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னல் ஒழுக்கமான பிராணி,
போட்ட இடத்தில் கிடக்கும்.
இது அப்படியில்லை.
கட்டிவைக்க நீளம் போதாது,
கண்ணில் விழ மட்டும் போதும்.

காலையில் பண்ணைப் பாலத்தில் சோளகம்
ஹெல்மெட்டுக்குள் கைவிட்டுக் கலைக்கிறது.
கடையில், ஃபான் போட்டால் பறக்கிறது,
நிற்பாட்டினால் வேர்வையில் ஒட்டுகிறது.
பெருக்காடிக்குக் கீழே
எறும்புக் கால் அளவு கம்பியை நான் தொடப்போகிற நேரம்
குறுக்கே விழுந்தது ஒரு கறுத்த வடம்,
குருநகர் இறங்குதுறையில் வள்ளம் கட்டுவது போல.
என் தலைமயிர்தான்.
கை நடுங்கி, ஒரு போன் செத்துப்போனது.

"கோயிலுக்கு நேர்த்தியோ?"
என்றார் சார்ஜர் வாங்க வந்த ஒருவர்.
"வெயிலுக்கு நல்லம்" என்றேன்.
பொய்.

எண்ணெய் வைத்து வாரினேன்.
பதினொரு மணிவரை படிந்திருந்தது,
பிறகு எண்ணெய் நெற்றிக்கு இறங்கி
நெற்றியிலிருந்து கண்ணாடித் திரைக்கு இறங்கியது.
பிளாஸ்டிக் பான்ட் போட்டேன்,
காதுக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம்
யாரோ விரலால் குத்திக்கொண்டே நின்றார்கள்.
அவசரத்துக்கு ஒருநாள்
சூடு தாங்கும் மஞ்சள் டேப்பைக் கிழித்து
முன்மயிரை உச்சியில் ஒட்டினேன்.
யூட் அண்ணை பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

கறுத்தக் கிளிப்பில்
நெளிந்த பக்கம் கீழே இருக்கவேண்டுமாம்.
இருபத்தெட்டு வருசம் தலைகீழாய்க் குத்தியிருக்கிறேன்.

அதைச் சொன்னவள் ஷர்வினி.
வலைப்பந்து ஆடுகிற பிள்ளை,
டிஸ்பிளே சிலந்திவலையாய் வெடித்த போனோடு வந்தவள்.
என்னிலும் கட்டையாய் வெட்டிய தலை,
மைதானத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள்,
ஒரு மயிர் முகத்தில் இல்லை.
பசை காயும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கேட்க வெட்கம்.
கேட்டேன்.

கவுன்ரருக்கு மேலால் எட்டி
வகிட்டோரம் கொஞ்சம் பிடித்தாள்.
முகத்துக்கு எதிர்ப்பக்கமாய் முறுக்கு,
அடுத்ததை அள்ளு, சேர்த்து முறுக்கு,
இன்னும் கொஞ்சம் அள்ளு.
காதுக்கு மேலே வந்ததும்
தன் தலையிலிருந்தே இரண்டு கிளிப்பைக் கழற்றி
பெருக்கல் அடையாளமாய்ப் பூட்டினாள்.
"இப்ப குனியுங்கோ அக்கா."
குனிந்தேன்.
"தலையை ஆட்டுங்கோ."
ஆட்டினேன்.
உலகம் அகலமாய் இருந்தது,
எதிர்க்கடைப் பெயர்ப்பலகையில்
ஒரு கொம்பு விடுபட்டிருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஆயிரம் ரூபாய் குறைத்தேன்.
பில்லில் அதற்கு என்ன காரணம் எழுத?
"பழைய வாடிக்கையாளர்" என்று எழுதினேன்.
பதினைந்து வயதிருக்கும் அவளுக்கு.

அன்று ஒன்பது போன் முடித்தேன்.
மறுநாள் கண்ணாடி முன்னால் நானாய் முறுக்க
வலப்பக்கம் நின்றது,
இடப்பக்கம் பஸ் ஸ்ராண்ட் தாண்டமுதல் அவிழ்ந்தது.
எனக்கு இடக்கையால் வலமாய் முறுக்க வராது.
இழுத்துப் பார்த்தேன், மூக்கு நுனி வரை வருகிறது.
நாடிக்கு வர இன்னும் நாலு மாதம்.
அதற்குள் மறுபடி வெட்டிவிடுவேனோ தெரியாது.

கையில் அகப்பட்டதைக் குத்திக்கொண்டு வேலை செய்தேன்.
பின்னேரம் முழுக்க யூட் அண்ணை
சிம் தட்டுத் திறக்கிற ஊசியைத் தேடினார்.
லாச்சியைக் கவிழ்த்தார்,
மேசைக்குக் கீழே டோர்ச் அடித்தார்,
கடைசியாய் வந்துபோன பையனைச் சந்தேகப்பட்டார்.
நானும் கூடக் குனிந்து தேடினேன்.

இரவு, படுக்கமுதல்,
ஒரு கிளிப்.
இரண்டாவது கிளிப்.
மூன்றாவது
சின்ன வளையம் வைத்த, மெல்லிய,
மினுங்குகிற ஒன்று.